பாசிட்டிவ்னு தெரிஞ்ச நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவுல: ஹ்லபிசா ஒரு நிகழ்வு ஆய்வு

ஹெச்ஐவின்னாலே எல்லாரும் டெஸ்ட் பண்ணுங்க டெஸ்ட் பண்ணுங்கன்னுதான் சொல்றாங்க, சொல்லணும், தப்பில்ல. ஆனா பாசிட்டிவ்னு தெரிஞ்ச ஆளு முதல் மாத்திரையை முழுங்குற வரைக்கும் எத்தனை நாள் ஆகுது, அந்த நடுவுல எத்தனை பேர் காணாமப் போறாங்கன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. கேட்டாலும் "மருந்து ஃப்ரீயா குடுக்குறாங்க, வாங்கிச் சாப்பிடாம இருந்தா அது அவங்க அலட்சியம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறாங்க. இந்தப் பேச்சு எனக்குச் சுத்தமா பிடிக்காது. ஏன்னா அந்தத் தாமதத்துல பெரிய பங்கு நோயாளி பண்ணுனது இல்ல, சிஸ்டம் கட்டி வச்சது. இதை ஆதாரத்தோட காட்டுறதுக்கு ஒரு ஊர் இருக்கு, தென்னாப்பிரிக்காவுல குவாசுலு-நட்டால் மாகாணத்துல ஹ்லபிசா.

டர்பன் தெரியும்ல, 1860ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோ கப்பல்ல கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம்மாளுங்க இறங்குன ஊரு. அங்கேருந்து கடலோரமாவே வடக்க 200 கிலோமீட்டருக்கு மேல போனா ம்டுபடூபான்னு ஒரு சின்ன டவுன் வரும், அதைச் சுத்தி மேடும் பள்ளமுமா இருக்குற கிராமப்புறம்தான் ஹ்லபிசா பகுதி. நம்ம ஊர் மாதிரி தெருத் தெருவா வீடு இருக்காது, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியா மேட்டுல வீடு போட்டு இருப்பாங்க, அடுத்த வீட்டுக்கே நல்லா நடக்கணும். வேலை கிடையாது. ஆம்பளைங்க ரிச்சர்ட்ஸ் பே, டர்பன், ஜோஹன்னஸ்பர்க்னு போயிடுவாங்க, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் வருவாங்க. நான் சொல்லப் போற ஆய்வு நடந்தப்போ அங்க பெரியவங்கள்ல கிட்டத்தட்ட 100க்கு 30 பேருக்கு ஹெச்ஐவி இருந்துச்சு. அதாவது "எய்ட்ஸ்காரங்க"ன்னு தனியா ஒரு கூட்டம் அங்க கிடையாது, எல்லா வீட்டுலயும் ஒருத்தராவது உண்டு.

மருந்து பத்தாத காலத்து ரூல்

அந்த நாட்டுல அரசு ஆஸ்பத்திரில ஏஆர்டி, தமிழ்நாட்டுல கூட்டு மருந்துன்னு சொல்றோமே அது, 2004 ஏப்ரல்லதான் ஆரம்பிச்சுது. (இந்தியாவுலயும் ஃப்ரீ ஏஆர்டி அதே 2004 ஏப்ரல்தான், தாம்பரம் சானடோரியம் முதல் சென்டர்கள்ல ஒண்ணு.) அதுக்கு முந்தைய வருஷங்கள் பெரிய கொடுமை. ஹெச்ஐவியாலதான் எய்ட்ஸ் வருதாங்குறதையே ஜனாதிபதி தாபோ எம்பெகி சந்தேகமா பேசிட்டு இருந்தாரு, சுகாதார அமைச்சர் பூண்டு, எலுமிச்சம்பழம், பீட்ரூட்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2000த்துலேருந்து 2005க்குள்ள மருந்து குடுக்காம இழுத்த அந்தத் தாமதத்தால 3,30,000 பேருக்கு மேல உயிர் போச்சுன்னு ஹார்வர்ட்ல 2008ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க. தாமதம்னு பேசும்போது இதை விட்டுட்டுப் பேச முடியாது, ஒரு அரசாங்கமே பண்ணுன தாமதம் இது, ஜனங்களுக்கு மருந்து மேலயும் டாக்டர் மேலயும் இருந்த சந்தேகத்துல இதுக்கும் பங்கு உண்டு.

மருந்து வந்தப்புறமும் எல்லாருக்கும் குடுக்கல. சிடி4ன்னு ஒரு டெஸ்ட், உடம்போட எதிர்ப்பு சக்தி எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டும், நல்லா இருக்குற ஆளுக்கு 500க்கு மேல இருக்கும். அது 200க்குக் கீழ எறங்குனாத்தான் மருந்துன்னு முதல்ல ரூல். 2011ல அதை 350 ஆக்குனாங்க, 2015 ஜனவரில 500, 2016 செப்டம்பர்லதான் சிடி4 எவ்ளோ இருந்தாலும் எல்லாருக்கும்னு வந்துச்சு. ஆரம்பத்துல அந்த ரூலுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு, மருந்து கம்மி, ஆள் கம்மி, சாகக் கெடக்குறவங்களுக்கு முதல்ல குடுக்கணும், அந்த மருந்துகளோட சைடு எஃபெக்டும் அப்போ ஜாஸ்தி. ஆனா ஒரு ரூல் பத்து வருஷம் ஓடுச்சுன்னா அதைச் சுத்தி கிளினிக்கோட பழக்க வழக்கமே மாறிடும்.

எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல போய்ப் பாப்போம். 2009, 2010 வாக்குல அந்த மாதிரி ஊர்ல ஒரு இருபத்து நாலு வயசுப் பொண்ணு டெஸ்ட் பண்ணிக்கப் போறான்னு வச்சுக்குங்க. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி, மினிபஸ் டாக்ஸிக்குக் காசு குடுத்து, கேட் திறக்குறதுக்கு முன்னாடியே வரிசைல உக்காரணும். விரல்ல குத்தி ரெண்டு ரேபிட் டெஸ்ட், அரை மணி நேரத்துல பாசிட்டிவ்னு சொல்லிடுறாங்க. அழுதுட்டு இருக்கும்போதே கைல ரத்தம் எடுத்து ட்யூப்ல போட்டு லேபுக்கு அனுப்பிட்டு, சிடி4 ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு வான்னு அனுப்பிடுவாங்க. திரும்பி வர்றா, ரிசல்ட் இன்னும் வரல, இல்லன்னா ஸ்லிப்பைக் காணோம். மறுபடி வர்றா, சிடி4 410ன்னு இருக்கு, "உனக்கு இப்போ மருந்து தேவையில்ல, ஆறு மாசம் கழிச்சு வந்து இன்னொரு தடவை பாத்துக்கோ". அதுவே 180ன்னு இருந்தா உடனே மருந்துன்னு நினைக்காதீங்க, கிட்னிக்கு ரத்தம் எடுக்கணும், சளி டெஸ்ட் பண்ணி டிபி இல்லன்னு பாக்கணும், அதுக்கு மேல மூணு கவுன்சிலிங் வேற வேற நாள்ல, கூட ஒரு துணை ஆளைக் கூட்டிட்டு வரணும், அதாவது வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். யார்கிட்டயும் சொல்ல முடியாத பொண்ணு அந்த இடத்துலயே நின்னுடுவா. ஒவ்வொரு நடைக்கும் டாக்ஸி காசு, ஒரு நாள் வேலை, வீட்டுல குழந்தையைப் பாத்துக்க ஆள். இத்தனையும் தாண்டி மாத்திரை வாங்குறவங்கதான் அதிசயம்னு எனக்குத் தோணுது, வாங்காதவங்க இல்ல.

இது ஹ்லபிசா மட்டும் இல்ல. சிட்னி ரோசனும் மேத்யூ ஃபாக்ஸும் 2011ல சஹாராவுக்குத் தெற்கே நடந்த ஆய்வுகளையெல்லாம் சேத்துப் பாத்தப்போ, டெஸ்ட்ல பாசிட்டிவ்னு தெரிஞ்சவங்கள்ல சிடி4 ரிசல்ட் வாங்குறவரை வந்தவங்க நடுத்தரமா 59 சதவீதம், அதுலேருந்து மருந்துக்குத் தகுதி வர்ற வரைக்கும் தொடர்ந்து வந்தவங்க 46 சதவீதம், தகுதி வந்து நிஜமாவே மருந்து ஆரம்பிச்சவங்க 68 சதவீதம். மூணும் வேற வேற ஆய்வுலேருந்து வந்த நம்பர், அதனால அப்படியே பெருக்கக் கூடாதுதான், ஆனா பெருக்கிப் பாத்தா 100ல 18 பேர்தான் மிச்சம், நெலமை எப்படி இருந்துச்சுன்னு புரியும்.

349ம் 351ம்

எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப முக்கியமான பகுதி இதுதான். 2011, 2012ல ஹ்லபிசா கிளினிக்குகளுக்கு வந்த 11,000 பேருக்கு மேல ரெக்கார்டை எடுத்து ஜேக்கப் போர்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் டீமும் ஒரு வேலை பண்ணாங்க. அப்போ ரூல் 350. சிடி4 349 உள்ளவருக்கும் 351 உள்ளவருக்கும் உடம்புல ஒரு வித்தியாசமும் கிடையாது, அதே ஊர், அதே வயசு, அதே வறுமை, அதே கூச்சம். ஒருத்தருக்கு மருந்துக்குத் தகுதி உண்டு, இன்னொருத்தர்கிட்ட அப்புறம் வான்னு சொல்லிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா, 350ங்குற அந்தக் கோட்டுக்கு மேல இருந்தவங்கள்ல 32 சதவீதம்தான் இன்னும் கிளினிக்குக்கு வந்துட்டு இருந்தாங்க, கோட்டுக்குக் கீழ இருந்தவங்கள்ல 50 சதவீதம். தகுதிங்குற ஒரே ஒரு விஷயம் மட்டும் 18 பேரைக் கூடுதலா பிடிச்சு வச்சிருக்கு.

அலட்சியம்தான் காரணம்னா இந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஆள்தான காணாமப் போயிருக்கணும்? கோட்டுக்கு மேல இருக்குறவங்க மட்டும் எப்படி ஜாஸ்தி அலட்சியமா இருப்பாங்க? நீ இன்னும் போதுமான அளவு சீக்காளி ஆகலன்னு சொல்லி அனுப்புனா மனுஷன் திரும்பி வர மாட்டான். அதுவும் வரும்போது ஒண்ணும் குடுக்காம வெறும் பேப்பர்ல ஒரு நம்பர் எழுதி அனுப்புற இடத்துக்கு எதுக்கு வரணும்?

சரி, கோட்டை எடுத்துட்டா?

இங்கதான் கதை சிக்கலாகுது, என் வாதத்துக்கு வசதியா இல்லாத பகுதியும் இதுதான், அதனால நிதானமாவே சொல்றேன். 2012 மார்ச்லேருந்து 2016 ஜூன் வரைக்கும் அதே ஹ்லபிசாவுல பிரெஞ்சு அரசு ஆராய்ச்சி அமைப்பு ஏஎன்ஆர்எஸ் காசு குடுத்து டாஸ்ப்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. ஊரை 22 பகுதியாப் பிரிச்சு, 28,000 பேரை சேத்து, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய் டெஸ்ட் பண்ணாங்க. பாதிப் பகுதில பாசிட்டிவ் வந்தா சிடி4 எல்லாம் பாக்காம மருந்து, மீதிப் பாதில நாட்டோட ரூல் என்னவோ அது. ஒவ்வொரு பகுதிலயும் நடந்து போற தூரத்துல ஆய்வுக்குன்னே ஒரு கிளினிக் போட்டாங்க. எல்லாரையும் டெஸ்ட் பண்ணி எல்லாருக்கும் மருந்து குடுத்துட்டா ஊர்ல புதுத் தொற்று குறையும்னு கணக்கு, ஏன்னா மருந்து ஒழுங்காப் போனா ரத்தத்துல வைரஸ் கண்ணுல படாத அளவுக்கு எறங்கிடும், அடுத்தவருக்குப் பரவாது.

டெஸ்ட் பகுதி அட்டகாசமா நடந்துச்சு, 100ல 93 பேருக்கு ஒரு தடவையாவது ஸ்டேட்டஸ் தெரிஞ்சுது. ஆனா பாசிட்டிவ்னு தெரிஞ்சு, அப்போ சிகிச்சைல இல்லாதவங்களைக் கிளினிக்குக்குப் போகச் சொன்னா மூணு மாசத்துக்குள்ள போனவங்க 100க்கு 37 பேர் மாதிரிதான். கிளினிக் வாசலைத் தாண்டுனவங்கள்ல ரொம்பப் பேர் மருந்தும் ஆரம்பிச்சாங்க, நல்லாவும் எடுத்துக்கிட்டாங்க. வாசலுக்கு வரைக்கும்தான் வரல. கடைசில புதுத் தொற்று ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், வருஷத்துக்கு 100 பேருக்கு 2.11ம் 2.27ம். 2016 ஜூலைல டர்பன்ல நடந்த எய்ட்ஸ் மாநாட்டுல இந்த முடிவைச் சொன்னாங்க.

அப்போ அலட்சியம்தானான்னு கேட்டா, யார் போகல யார் போனாங்கன்னு பாருங்க. அன்னிக்குத்தான் முதல் தடவையா பாசிட்டிவ்னு தெரிஞ்சவங்க கம்மியா போனாங்க, படிச்சுட்டு இருக்குற பசங்க கம்மி, கிளினிக்லேருந்து தூரமா இருக்குறவங்க கம்மி. குடும்பத்துல ஹெச்ஐவி உள்ள இன்னொருத்தரைத் தெரிஞ்சவங்க ஜாஸ்தியா போனாங்க, யாராவது ரெண்டாவது தடவை தொடர்பு கொண்டு பேசுனவங்களும் ஜாஸ்தி. யோசிச்சுப் பாருங்க, ஒரு பையன் வீட்டுல உக்காந்திருக்கான், உடம்புக்கு ஒண்ணும் இல்ல, யாரோ வந்து கதவைத் தட்டி டெஸ்ட் பண்ணிட்டு உனக்கு இது இருக்கு, அந்தக் கிளினிக்குக்குப் போன்னு ஒரு சீட்டைக் குடுத்துட்டுப் போயிடுறாங்க. சீக்கா இருக்கோம்னு அவனா கிளினிக்கைத் தேடி வரல, நோய்தான் அவன் வீட்டுக்கு சேதியா வந்திருக்கு. அதுவும் ஆய்வுக்குன்னு போட்ட கிளினிக் ஹெச்ஐவிக்கு மட்டும்தான், அங்க உள்ள நுழைஞ்சா ஊருக்கே தெரியும். நாலு எட்டுல இருக்குற கிளினிக்னு நாம நினைக்கிறது அவனுக்கு நாலு பேர் பாக்குற கிளினிக்.

கோட்டை எடுத்தாச்சு, ஆனா டெஸ்ட் ஒரு இடத்துலயும் மாத்திரை இன்னொரு இடத்துலயும்தான் இருந்துச்சு. அந்த நடையை மறுபடியும் நோயாளி தலைலதான் கட்டுனாங்க.

அன்னிக்கே குடுத்தா என்ன ஆகும்

இதை நேரடியாவே செஞ்சு பாத்திருக்காங்க. ஜோஹன்னஸ்பர்க்ல ராபிட்னு ஒரு ஆய்வு, 377 பேர். ஒரு குரூப்புக்கு வழக்கம் போல இன்னும் மூணுலேருந்து அஞ்சு நடை, ரெண்டுலேருந்து நாலு வாரம். இன்னொரு குரூப்புக்கு சிடி4, டிபி டெஸ்ட், கவுன்சிலிங், மாத்திரை எல்லாம் ஒரே நாள்ல. மூணு மாசத்துல மருந்து ஆரம்பிச்சவங்க 72 சதவீதத்துக்கு எதிரா 97 சதவீதம். லெசோத்தோ மலைக் கிராமங்கள்ல இன்னும் ஒரு படி மேல போய், வீட்டுல டெஸ்ட் பண்ணி பாசிட்டிவ் வந்தவங்களுக்கு அந்த வீட்டுலயே மாத்திரையைக் கைல குடுத்தாங்க. மூணு மாசத்துல கிளினிக்ல சேந்தவங்க 43 சதவீதத்துலேருந்து 69க்குப் போச்சு, ஒரு வருஷத்துல வைரஸ் அடங்குனவங்க 34லேருந்து 50. ஹ்லபிசாவுல விட்டுப்போனது எதுன்னு இந்த ஆய்வு அழகா காட்டுதுன்னு நான் நினைக்கிறேன், சீட்டைக் குடுக்குற கையில மாத்திரையையும் குடுத்தா ஆள் வர்றாங்க.

ஆனா 50ங்குறது பாதிதான். ராபிட்லயும் 97 பேர் ஆரம்பிச்சு, பத்து மாசத்துக்குள்ள வைரஸ் அடங்குனது 64 பேருக்குத்தான், வழக்கமான குரூப்ல 51. முதல் நாள் மாத்திரை குடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு ரெஜிஸ்டரை மூடுனா முன்னாடி தொலைஞ்சவங்க பின்னாடி தொலைவாங்க. மூணு கவுன்சிலிங் வேணாம்னு சொல்றேன்னா கவுன்சிலிங்கே வேணாம்னு அர்த்தம் இல்ல, மாத்திரைக்கு முன்னாடி தடுப்பா வச்சதை மாத்திரைக்கு அப்புறம் துணையா வைங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணும் கண்டிப்பா சொல்லணும், ஏன்னா "அன்னிக்கே"ங்குறதை சிலர் கண்ணை மூடிட்டுப் பிடிச்சுக்குறாங்க. கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பத்தோட வர்ற ஆளுக்கு மூளைக்காய்ச்சல் இருக்கான்னு பாக்காம ஏஆர்டி குடுக்கக் கூடாது. கிரிப்டோகாக்கல்னு பூஞ்சையால வர்ற மூளைக்காய்ச்சல் உள்ளவங்களுக்கு உகாண்டாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் நடந்த "கோட்"ங்குற ஆய்வுல, ஒண்ணு ரெண்டு வாரத்துல ஏஆர்டி ஆரம்பிச்சவங்கள்ல ஆறு மாசத்துக்குள்ள 45 சதவீதம் செத்துட்டாங்க, அஞ்சு வாரம் பொறுத்தவங்கள்ல 30 சதவீதம். மூளைல டிபி இருந்தாலும் பொறுக்கணும். ஆனா சாதாரண நுரையீரல் டிபிக்குன்னு ஆறு மாசம் தள்ளிப்போட்டா அது வேற கொலை, டர்பன்ல நடந்த சாபிட் ஆய்வுல டிபி சிகிச்சை முடியட்டும்னு காத்திருக்காம நடுவுலயே ஏஆர்டி ஆரம்பிச்சவங்களுக்குச் சாவு 56 சதவீதம் கம்மி. அதனால தாமதம் வேணுமா வேணாமாங்குறதை நோயாளியோட உடம்பு முடிவு பண்ணணும், லேப் வண்டி எந்தக் கிழமை வருதுங்குறது இல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2017ல இதைத்தான் சொல்லுச்சு, ஏழு நாளைக்குள்ள ஆரம்பிங்க, தயாரா இருக்குறவங்களுக்கு அன்னிக்கே குடுங்க, நோய் முத்தி வர்றவங்களைத் தனியா கவனிங்கன்னு.

அதே மாகாணம், இன்னொரு ஊர்

ஹ்லபிசாவுக்குத் தெற்க எஷோவேன்னு ஒரு ஊரு, கரும்புக் காடு, நாலு பேர்ல ஒருத்தருக்கு ஹெச்ஐவி. எம்எஸ்எஃப், அதாவது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அதோட டாக்டர்கள் மாகாண சுகாதாரத் துறையோட சேந்து 2011லேருந்து அங்க வேலை பாத்தாங்க. 2013ல சர்வே எடுத்தப்போ 76-70-93, அதாவது தொற்று உள்ளவங்கள்ல 76 சதவீதத்துக்குத் தனக்கு இருக்குன்னு தெரியும், தெரிஞ்சவங்கள்ல 70 பேர் மருந்துல, மருந்துல இருக்குறவங்கள்ல 93 பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கு. நடு நம்பரைப் பாருங்க, தெரிஞ்சு மருந்துல இல்லாதவங்க முப்பது பேர். 2018ல மறுபடி எடுத்தா 90-94-95.

அங்க பண்ணதுல பெரிய மந்திரம் இல்ல. அந்தந்த ஊர்க்காரங்களையே ஆளா எடுத்து வீடு வீடா அனுப்புனாங்க, அந்த ஆளே மறுபடி மறுபடி அதே வீட்டுக்குப் போனாரு, கிளினிக் வாடை இல்லாத இடங்கள்ல டெஸ்ட் சென்டர் போட்டாங்க, மருந்து வாங்க மாசா மாசம் வரிசைல நிக்காம குழுவா சேந்து வாங்கிக்க ஏற்பாடு பண்ணாங்க. நடுவுல 2016ல நாட்டு ரூலும் மாறுச்சு, அதனால மொத்தப் பெருமையும் எம்எஸ்எஃப்புக்குன்னு எழுதிட முடியாது, ஹ்லபிசா ஆய்வு முடிஞ்ச வருஷமும் அதுதான், நேருக்கு நேர் வச்சு ஒப்பிடக் கூடாது. ஆனா அந்த நடு நம்பர் 70லேருந்து 94 ஆனதுக்கு, ரெண்டாவது தடவை கதவைத் தட்டுன ஆளுக்கு நிறைய பங்கு இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன், ஹ்லபிசா ஆய்வுலயும் ரெண்டாவது தடவை யாராவது பேசுனவங்கதான கூடுதலா போனாங்க.

இதைப் படிக்கும்போது நம்ம பக்கத்து ஞாபகம் வராம இருக்காது. இந்தியாவுலயும் 2017லேருந்து சிடி4 பாக்காம எல்லாருக்கும் மருந்து. தமிழ்நாட்டுல டெஸ்ட் பண்றது நம்பிக்கை மையத்துல, மருந்து குடுக்குறது ஏஆர்டி சென்டர்ல, பல பேருக்கு ரெண்டும் வேற வேற ஊர்ல. நம்மகிட்ட நோய் அங்க இருக்குற அளவுல நூத்துல ஒரு பங்கு, ஆனா பஸ் ஏறிப் போற நடை அதே நடைதான்.

இப்போ நெலமை

2022ல எடுத்த தேசிய சர்வேல தென்னாப்பிரிக்கா மொத்தமா 90-91-94. கேக்க நல்லா இருக்கு, ஆனா அங்க தொற்று உள்ளவங்க 78 லட்சம் பேர், நூத்துக்கு ஒன்பதுன்னா தெரிஞ்சும் மருந்துல இல்லாதவங்க ஆறு லட்சத்துக்கு மேல. இதுல ஆரம்பிக்காதவங்க யாரு, ஆரம்பிச்சு விட்டவங்க யாருன்னு பிரிக்கிறதே கஷ்டம், ஒரு கிளினிக்ல மருந்தை விட்டவங்க கூச்சப்பட்டுட்டு இன்னொரு கிளினிக்குக்குப் போய்ப் புதுசா டெஸ்ட் பண்ணி புது நோயாளின்னு பதிவாகுறது ஏராளம். விட்டுட்டு வந்தவங்களை நர்ஸ் திட்டுற பழக்கம் போற வரைக்கும் இது நிக்காது. மருந்து விட்டவரு பொய் சொல்லித்தான் திரும்பி வர முடியும்னா அந்த ரெஜிஸ்டர்ல இருக்குற தேதிக்கு என்ன மதிப்பு?

2025 பிப்ரவரில சுகாதார அமைச்சர் ஆரோன் மொட்சொலெடி ஒரு இயக்கம் ஆரம்பிச்சாரு, தொற்று இருந்தும் மருந்துல இல்லாத 11 லட்சம் பேரை அந்த வருஷக் கடைசிக்குள்ள மருந்துக்குக் கொண்டு வரணும்னு இலக்கு. அதே நேரத்துலதான் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்துச்சு. அந்த நாட்டோட ஹெச்ஐவி செலவுல அது 17 சதவீதம்தான், மாத்திரையை அரசாங்கம் சொந்தக் காசுலதான் வாங்குது, அதனால மருந்துக்குப் பெருசா ஆபத்து இல்லன்னு சொன்னாங்க. ஆனா அந்த 17 சதவீதத்துல சம்பளம் வாங்குனவங்க யாருன்னு பாருங்க, கவுன்சிலர்கள், வராதவங்களுக்குப் போன் பண்றவங்க, வீட்டுக்குப் போய்த் தேடுறவங்க, டேட்டா ஏத்துறவங்க. டெஸ்ட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவுல நின்னவங்களேதான். 11 லட்சம் பேரைத் தேடிப் போகணும்னு சொன்ன அதே மாசத்துல தேடிப் போறவங்க ஆயிரக்கணக்குல வேலை இழந்தாங்க. மருந்து வாங்குற பட்ஜெட்ல கைவைக்காததோட நிக்காம, இந்த ஆளுங்களை மாகாண சுகாதாரத் துறையே சம்பளத்துக்கு எடுத்துக்கணும், அதுவும் கிராமப்புறக் கிளினிக்குகளுக்கு முதல்ல.